ஊரில் மகளிர் குழு தொடங்கி வங்கிக் கடன் பெறுவது வரை: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டின் ஊராட்சிகளில் வறுமையிலிருந்து மீள நினைக்கும் ஒரு குடும்பத்துக்கு மிக அருகில் இருக்கும் அமைப்பு மகளிர் சுய உதவிக் குழுவும், அந்தக் குழுக்கள் சேர்ந்து அமைத்திருக்கும் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பும்தான். சுழல் நிதி, சமுதாய முதலீட்டு நிதி, 7 சதவீத வட்டியில் வங்கிக் கடன், இலவசத் தொழிற்பயிற்சி ஆகிய அனைத்தும் இந்த வழியாகவே வந்து சேர்கின்றன. இவையெல்லாம் இருக்கின்றன என்பது ஊரில் பலருக்கும் தெரியும். எதை முதலில் செய்ய வேண்டும், எந்தத் தாளை எடுத்துச் செல்ல வேண்டும், யாரைப் பார்க்க வேண்டும் என்பதுதான் தெரிவதில்லை. எங்கள் தெருப் பெண்கள் குழு தொடங்கியபோது வழிசொல்ல ஆளில்லாமல் வட்டார அலுவலகத்துக்கும் வங்கிக்கும் இடையில் நிறைய அலைந்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இங்கே சொல்லியிருப்பது ஊரகப் பகுதிக்கு உரியது. ஊர்களில் இப்பணியை மகளிர் திட்டத்தின் கீழ் இயங்கும் தமிழ்நாடு மாநில ஊரக வாழ்வாதார இயக்கம் கவனிக்கிறது. வட்டார அலுவலகம் என்று நான் சொல்வது இந்த இயக்கத்தின் வட்டார அலுவலகத்தையே. பேரூராட்சி, நகராட்சி, மாநகராட்சியில் வசிப்பவர்களுக்கான ஏற்பாடு வேறு என்பதால், அவர்கள் தங்கள் உள்ளாட்சி அலுவலகத்தின் சமுதாய அமைப்பாளரிடம் கேட்பது நல்லது.

1. எந்தக் குழு என்பதில் குழப்பம் வேண்டாம்

எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத் தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. ஊரில் "குழு லோன்" என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு காரியங்கள் நடக்கின்றன. ஒன்று, பெண்களே சேமித்து, தங்களுக்குள் கடன் கொடுத்து, பிறகு வங்கியிடம் கடன் பெறும் சுய உதவிக் குழு. மற்றொன்று, தனியார் நுண்கடன் நிறுவனத்தின் ஊழியர் நான்கைந்து பெண்களைக் கூட்டிக் கையெழுத்து வாங்கி, ஒரே வாரத்தில் பணம் கொடுத்து, பிறகு வாரந்தோறும் வந்து வசூலிக்கும் கூட்டுப் பொறுப்புக் கடன். இரண்டாவதன் வட்டி பெரும்பாலும் ஆண்டுக்கு 20 சதவீதத்தைத் தாண்டும். அதில் உங்களுக்கென்று சேமிப்போ, குழுவுக்கென்று நிதியோ வளர்வதில்லை.

நுண்கடன் வாங்கியிருப்பவர் சுய உதவிக் குழுவில் சேரக் கூடாது என்று எந்தத் தடையும் இல்லை. ஆனால் அந்தக் கடன்கள் கடன் தகவல் நிறுவனங்களில் பதிவாகின்றன. பின்னர் வங்கி உங்கள் குழுவை ஆராயும்போது தவணை தவறியவர்களின் பெயர் அங்கே தெரியவரும். ஆகையால் குழுவில் சேரும் ஒவ்வொருவரும் தமக்கு எங்கெங்கே கடன் இருக்கிறது என்பதை முதல் கூட்டத்திலேயே மற்றவர்களிடம் சொல்லிவிடுவது அனைவருக்கும் பாதுகாப்பு. இதைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் கேட்டுவிடுங்கள்.

2. முதலில் ஊராட்சிக் கூட்டமைப்புக்குப் போங்கள்

பலர் நேராக வங்கிக்குப் போகிறார்கள். சிலர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கே மனு எழுதிக்கொண்டு போகிறார்கள். இரண்டும் வீண் செலவு. உங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் அலுவலகம் ஊராட்சி மன்றக் கட்டடத்திலோ கிராம சேவை மையத்திலோ இருக்கும். அங்கே கூட்டமைப்பின் கணக்காளரையோ சமுதாய சுய உதவிக் குழுப் பயிற்றுநரையோ பார்த்து மூன்று செய்திகளைக் கேளுங்கள். உங்கள் குடியிருப்பில் இடமுள்ள குழு ஏதும் இருக்கிறதா? உங்கள் குடும்பத்தின் பெயர் இலக்கு மக்கள் பட்டியலில் இருக்கிறதா? புதிய குழு தொடங்கினால் பயிற்சி கொடுக்க யார் வருவார்?

ஏற்கெனவே ஒழுங்காக நடக்கும் குழுவில் இடமிருந்தால் அதில் சேர்வதே விரைவான வழி. அப்படிச் சேரும்போது, பழைய உறுப்பினர்கள் இதுவரை கட்டிய சேமிப்புக்கு ஈடான தொகையைச் செலுத்தும்படி சில குழுக்கள் கேட்கும். அதை ஒரே தடவையில் கட்ட வேண்டுமா, தவணையாகக் கட்டலாமா என்பதைச் சேர்வதற்கு முன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.

இலக்கு மக்கள் பட்டியல் என்பது ஊரிலுள்ள ஏழை, மிகவும் ஏழைக் குடும்பங்களை ஊர் மக்களே கூடிக் கண்டறிந்து, கிராம சபையில் ஒப்புதல் பெற்ற பட்டியல். அதில் பெயர் விடுபட்டிருந்தால் கிராம வறுமை ஒழிப்புச் சங்கத்திடம் எழுத்து மூலம் கேட்டு, அடுத்த கிராம சபையில் வைக்கச் செய்யலாம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. ஒரு கூட்டத்தைத் தவறவிட்டால் மாதக் கணக்கில் காத்திருக்க நேரும் என்பதால், மனுவைக் கூட்டத்துக்குச் சில நாட்கள் முன்பே கொடுத்து, நகலில் ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

3. ஆட்களைச் சேர்த்தலும் முதல் தீர்மானமும்

ஒரு குழுவில் 10 முதல் 20 பெண்கள் இருக்கலாம். மலைப் பகுதியிலும், மாற்றுத்திறனாளிகள் சேர்ந்து அமைக்கும் குழுவிலும் 5 பேர் இருந்தாலே போதும். 20 பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். 20 வரை இருக்கும் குழுவைத் தனியாகச் சட்டப்படி பதிவு செய்ய வேண்டியதில்லை. "பதிவு செய்து தருகிறேன்" என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஒருவர் ஒரு குழுவில் மட்டுமே இருக்க வேண்டும்.

யாரைச் சேர்ப்பது என்பதில் என் கருத்து உறுதியானது: ஒரே குடியிருப்பில், நடந்தே கூட்டத்துக்கு வரக்கூடிய தொலைவில், ஏறத்தாழ ஒரே வருமானத்தில் இருப்பவர்களாகப் பாருங்கள். வசதி படைத்த ஒருவரைத் "தலைமை தாங்கட்டும்" என்று சேர்த்த குழுக்களில், கடன் முழுவதும் அவர் விருப்பப்படி போவதை நான் பல ஊர்களில் கண்டிருக்கிறேன். கணவனை இழந்தவர், தனியாகக் குடும்பம் நடத்துபவர், நூறு நாள் வேலையை மட்டும் நம்பியிருப்பவர் ஆகியோரை "இவரால் கட்ட முடியாது" என்று ஒதுக்குவதும் நடக்கிறது. அவர்களுக்காகத்தான் இந்த ஏற்பாடே உண்டாயிற்று.

முதல் கூட்டத்தில் தீர்மானப் புத்தகத்தில் எழுத வேண்டியவை: குழுவின் பெயர், உறுப்பினர் பட்டியல், தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரின் தேர்வு (பழைய குழுக்களில் ஊக்குநர், பிரதிநிதிகள் என்பார்கள்), கூட்டம் நடக்கும் நாளும் நேரமும், ஒவ்வொருவரும் செலுத்தும் சேமிப்புத் தொகை, உள்கடனுக்கான (குழுப் பணத்திலிருந்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் கடனுக்கான) வட்டி, வங்கியில் கணக்குத் தொடங்கும் முடிவு, கணக்கை இயக்கக் கையெழுத்திடுவோரின் பெயர்கள். எல்லா உறுப்பினரும் கையெழுத்திட வேண்டும். கைநாட்டு வைப்பவர் இருந்தால் அவருக்கு வாசித்துக் காட்டிய பிறகு வைக்கச் சொல்லுங்கள். சேமிப்புத் தொகையை, உறுப்பினர்களில் மிகக் குறைந்த வருமானம் உள்ளவரால் எந்த வாரத்திலும் தவறாமல் கட்ட முடிகிற அளவில் வையுங்கள். வாரம் 50 ரூபாய் தவறாமல் வருவது, மாதம் 500 ரூபாய் என்று எழுதிவிட்டு மூன்றாம் மாதம் நின்றுபோவதைவிட மிகவும் மேல்.

4. வங்கிக் கணக்கு

கொண்டு செல்ல வேண்டியவை: தீர்மானத்தின் நகல், உறுப்பினர் பட்டியல், கணக்கை இயக்கும் நிர்வாகிகளின் ஆதார் நகல், புகைப்படங்கள், குழுவின் ரப்பர் முத்திரை, கூட்டமைப்போ வட்டார அலுவலகமோ கொடுக்கும் அறிமுகக் கடிதம். அசல் ஆதார் அட்டைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் பெயரின் எழுத்தும் முதலெழுத்தும் மாறியிருந்தால் வங்கிக்குப் போவதற்கு முன்பே திருத்திக்கொள்ளுங்கள். பெரும்பாலான காலதாமதம் இங்கேதான் ஏற்படுகிறது.

இந்தக் கட்டத்தில் இரண்டு விதிகளை மனத்தில் வைத்திருங்கள். சேமிப்புக் கணக்குத் தொடங்க நிர்வாகிகளின் அடையாள ஆவணங்கள் போதும், அனைத்து உறுப்பினர்களின் ஆவணங்களும் தேவையில்லை என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல். குழுவின் பெயரில் பான் அட்டை வேண்டும் என்றும் வற்புறுத்தக் கூடாது. தேவைப்பட்டால், பான் இல்லாதவர்கள் கொடுக்கும் படிவம் 60-இல் உறுதிமொழி பெற்றுக்கொள்ள வேண்டும். நாங்கள் போன ஒரு கிளையில் பான் அட்டை இல்லாமல் கணக்கே தொடங்க முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். வட்டார ஒருங்கிணைப்பாளர் வந்து விதியைச் சொன்ன பிறகே விண்ணப்பத்தை வாங்கினார்கள். ஆகவே முதல் தடவையே பயிற்றுநரையோ ஒருங்கிணைப்பாளரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள்.

செலவு என்று பார்த்தால், பதிவேடுகள், முத்திரை, புகைப்படம், நகல், பேருந்துக் கட்டணம் ஆகியவைதான். இதைக் குழுவின் பொதுச் செலவாக எழுதி ரசீதை ஒட்டிவையுங்கள். ஒருவரே கைப்பணத்தைப் போட்டுச் செலவழித்தால், பின்னாளில் குழுவே அவருடையது என்ற பேச்சு வந்துவிடும்.

5. ஆறு மாதங்களும் ஐந்து புத்தகங்களும்

வங்கிக் கடனுக்குக் குழு குறைந்தது ஆறு மாதம் இயங்கியிருக்க வேண்டும். இந்த ஆறு மாதத்தை வங்கிக் கணக்குத் தொடங்கிய நாளிலிருந்து எண்ணக் கூடாது. குழுவின் புத்தகங்களில் பதிவாகியிருக்கும் நாளிலிருந்தே எண்ண வேண்டும். பலருக்கும் இது தெரியாததால், கணக்குத் தொடங்கத் தாமதமான மாதங்களையும் இழந்துவிடுகிறார்கள். முதல் கூட்டத்திலிருந்தே புத்தகம் எழுதியிருந்தால் அந்தக் காலம் முழுவதும் உங்கள் கணக்கில் சேரும்.

குழுவை மதிப்பிடும்போது பார்ப்பவை ஐந்து: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன் கொடுத்து வாங்குதல், உரிய காலத்தில் திருப்பிச் செலுத்துதல், அன்றன்றைக்கு எழுதிய கணக்கு. இவற்றைப் பஞ்ச சூத்திரம் என்பார்கள். புதிய குழுக்கள் மூன்றாவதில்தான் தடுமாறுகின்றன. சேமித்த பணம் முழுவதையும் வங்கியில் பத்திரமாக வைத்துவிட்டு, உறுப்பினர்கள் வெளியே நூற்றுக்குப் பத்து வட்டிக்கு வாங்குகிறார்கள். 5,000 ரூபாய்க்கு வெளியில் மாதம் 500 ரூபாய் வட்டி. குழுவில் நூற்றுக்கு இரண்டு என்று வைத்தாலும் 100 ரூபாய்தான், அதுவும் குழுவுக்கே திரும்பி வருகிறது. பள்ளிக் கட்டணம், மருத்துவம், ஆட்டுக்குட்டி, தையல் இயந்திரம் பழுதுபார்த்தல் என்று சிறிய தேவைகளுக்கு இரண்டாம் மாதத்திலிருந்தே உள்கடன் கொடுக்கத் தொடங்குங்கள்.

தீர்மானப் புத்தகம், சேமிப்பு மற்றும் கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம், பொதுப் பேரேடு, ஒவ்வொரு உறுப்பினரின் கையிலும் இருக்கும் தனிநபர் பாஸ்புத்தகம் ஆகிய ஐந்தும் கூட்டம் முடிவதற்குள் எழுதப்பட வேண்டும். வீட்டுக்கு எடுத்துப்போய் எழுதும் பழக்கத்தை அனுமதிக்காதீர்கள். எழுதத் தெரிந்த ஒரே பெண்ணிடம் எல்லாவற்றையும் விட்டுவிட்டால், அவர் திருமணமாகியோ வேலைக்காகவோ ஊரைவிட்டுப் போகும்போது குழுவும் நின்றுபோகும். குறைந்தது மூன்று பேர் கற்றுக்கொள்ளுங்கள். படிக்காதவர்களும் தங்கள் பாஸ்புத்தகத்தில் உள்ள எண்களைப் படித்துச் சரிபார்க்கப் பழகட்டும். தர மதிப்பீட்டுக்கு வருபவர்கள் தலைவரைவிட மற்ற உறுப்பினர்களிடம்தான் அதிகம் கேட்பார்கள்.

6. சுழல் நிதி

ஒழுங்காக நடக்கும் குழுவுக்கு, மூன்று மாதம் கடந்த பிறகு தர மதிப்பீடு செய்து, குழுவின் வங்கிக் கணக்கில் சுழல் நிதி வரவு வைக்கப்படும். எங்கள் குழுவுக்கு 15,000 ரூபாய் வந்தது. இதற்கு விண்ணப்பம், தீர்மான நகல், வங்கிப் பாஸ்புத்தக நகல், உறுப்பினர்களின் ஆதார் நகல் ஆகியவற்றைக் கூட்டமைப்பின் வழியாக வட்டார அலுவலகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

இந்தப் பணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளும் குழுக்கள் நிறைய உண்டு. அப்படிச் செய்தால் அத்தோடு அந்தக் குழுவின் வளர்ச்சி நின்றுவிடும். அது குழுவின் மூலதனம். உள்கடனாகச் சுற்றிச் சுற்றி வர வேண்டும். அடுத்து வரும் வங்கிக் கடனின் அளவே இதைப் பொறுத்துத்தான் அமைகிறது. கூட்டமைப்பு வழியாக வரும் சமுதாய முதலீட்டு நிதியோ திருப்பிக் கட்ட வேண்டிய கடன். மிகவும் நலிந்த குடும்பங்களுக்கு அவசரத் தேவைக்கென்று நலிவு நிலை குறைப்பு நிதி என்று தனியாக ஒன்று உண்டு. அது கிராம அளவில் முடிவு செய்யப்படுவதால், உங்கள் குழுவில் அத்தகைய குடும்பம் இருந்தால் தயங்காமல் தீர்மானம் எழுதிக் கொடுங்கள்.

7. வங்கிக் கடன்

முதல் கடனின் அளவு, குழுவின் மொத்த நிதியைப் போல ஆறு மடங்கு அல்லது குறைந்தது 1,50,000 ரூபாய், இவற்றில் எது அதிகமோ அது. மொத்த நிதி என்பதில் சேமிப்பு, சுழல் நிதி, உள்கடன் வட்டி வருமானம் ஆகியவை எல்லாம் சேரும். 12 பேர் மாதம் 200 ரூபாய் வீதம் ஆறு மாதம் சேமித்தால் 14,400 ரூபாய். சுழல் நிதி 15,000 சேர்ந்தால் 29,400. அதன் ஆறு மடங்கு 1,76,400 ரூபாய். இந்தக் கணக்கை நீங்களே போட்டு எழுதிக்கொண்டு வங்கிக்குப் போங்கள். "உங்களுக்கு ஐம்பதாயிரம்தான் தர முடியும்" என்று சொன்னால் எதன் அடிப்படையில் என்று பணிவாகக் கேட்க அது உதவும். இரண்டாம் கடன் எட்டு மடங்கு அல்லது குறைந்தது 3 லட்சம். மூன்றாவது, குழுவின் கடன் திட்டத்தைப் பொறுத்துக் குறைந்தது 6 லட்சம்.

தேவையான தாள்கள்: கடன் கேட்கும் தீர்மானம், வங்கியின் விண்ணப்பப் படிவம், தர மதிப்பீட்டுத் தாள், உறுப்பினர் அனைவரின் ஆதார் நகலும் புகைப்படமும், குழுவுக்கும் வங்கிக்கும் இடையிலான ஒப்பந்தம், நுண்கடன் திட்டம். நுண்கடன் திட்டம் என்பது ஒவ்வொரு குடும்பத்துக்கும் என்ன தேவை, எவ்வளவு, எப்படித் திருப்பிக் கட்டுவார்கள் என்று குழுவாக உட்கார்ந்து எழுதுவது; முன்பு சொன்ன தனியார் நுண்கடனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. இதைப் பயிற்றுநர் தானே நிரப்பிக் கொடுத்துவிட முன்வருவார். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒருவருக்கு மாடு வாங்க 40,000 தேவைப்படலாம், இன்னொருவருக்கு இப்போது எதுவும் தேவைப்படாமல் இருக்கலாம். எல்லோருக்கும் சமமாகப் பங்கிடும்போது, தேவையில்லாதவர் தம் பங்கை வேறொருவருக்குக் கைமாற்றுகிறார்; தவணை நின்றால் பழி பெயர் கொடுத்தவர் மேல் விழுகிறது.

3 லட்சம் வரையிலான கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 7 சதவீதம். 3 லட்சத்துக்கு மேல் 5 லட்சம் வரை 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. முதல் கடனைத் திருப்பிச் செலுத்த 24 முதல் 36 மாதம் வரை கிடைக்கும். 1,50,000 ரூபாயை 36 மாதத்தில் கட்டினால் மாதத் தவணை ஏறத்தாழ 4,630 ரூபாய். 12 பேரும் ஒரே அளவு வாங்கியிருந்தால் ஒருவருக்கு 386 ரூபாய். குழு தன் உறுப்பினர்களிடம் இதைவிடச் சற்றுக் கூடுதல் வட்டி வாங்கி, மிச்சத்தைக் குழு நிதியில் சேர்க்கலாம். எவ்வளவு என்பதைத் தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும்.

வங்கியில் கேட்கக் கூடாத சிலவற்றைக் கேட்பார்கள். 10 லட்சம் வரை எந்தப் பிணையும் கேட்கக் கூடாது. குழுவின் சேமிப்புக் கணக்கை முடக்கி வைக்கவோ, கடன் கொடுக்கும்போது ஒரு பகுதியை வைப்புத்தொகையாகப் போடச் சொல்லவோ கூடாது. ஓர் உறுப்பினருக்கு 50,000 ரூபாய் என்ற அளவுக்குள் இருக்கும் கடனுக்குச் சேவைக் கட்டணமோ ஆய்வுக் கட்டணமோ வாங்கக் கூடாது. ஓர் உறுப்பினர் வேண்டுமென்றே பழைய கடனைக் கட்டாதவர் என்றால் அவரை விட்டுவிட்டு மற்றவர்களுக்குக் கடன் கொடுக்கலாம். இயலாமையால் தவறியவரை விலக்கக் கூடாது. "ஒருவரால் மொத்தக் குழுவுக்கும் இல்லை" என்ற பதிலை ஏற்றுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள்.

கடனை வாங்கித் தந்ததற்காக ஆயிரம், இரண்டாயிரம் கேட்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். கூட்டமைப்புக்குச் செலுத்தும் சந்தாவுக்கு ரசீது உண்டு. ரசீது இல்லாத எந்தப் பணத்தையும் கொடுக்காதீர்கள்.

தேர்தல் நெருங்கும்போது "குழுக் கடன் தள்ளுபடி ஆகப்போகிறது, கட்டாதீர்கள்" என்ற பேச்சு பரவும். 2021 மார்ச் 31 அன்று கூட்டுறவு நிறுவனங்களில் நிலுவையில் இருந்த குழுக் கடன்களைத் தமிழ்நாடு அரசு தள்ளுபடி செய்தது உண்மை. ஆனால் பிற வங்கிகளில் வாங்கிய கடனுக்கு அது பொருந்தவில்லை. பேச்சை நம்பி நிறுத்தினால் வட்டிச் சலுகை போய்விடும், அடுத்த கடனும் கிடைக்காது.

8. பயிற்சியும் காப்பீடும்

ஒவ்வொரு மாவட்டத்திலும் வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தில் தையல், கறவை மாடு வளர்ப்பு, அழகுக்கலை போன்ற பயிற்சிகள் உணவு, தங்குமிடத்துடன் இலவசமாகக் கிடைக்கின்றன. கடனை வாங்குவதற்கு முன் பயிற்சி முடித்துவிடுங்கள். பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தொழில் கற்றுக்கொள்ளப் போனால், திரும்பும்போது பணம் வீட்டுச் செலவில் கரைந்திருக்கும். பொருள் செய்பவர்கள் மாவட்டத் தலைநகரில் உள்ள பூமாலை வணிக வளாகத்தில் விற்கவும், "மதி" என்ற பொதுப்பெயரில் சந்தைப்படுத்தவும் வட்டார அலுவலகத்தில் கேட்கலாம்.

ஆண்டுக்கு 436 ரூபாயில் 2 லட்சம் ரூபாய்க்கான ஆயுள் காப்பீடும் (18 முதல் 50 வயது வரை சேரலாம்), 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய்க்கான விபத்துக் காப்பீடும் (70 வயது வரை) உங்கள் சொந்த வங்கிக் கணக்கு வழியாகவே எடுக்க முடியும். சம்பாதிப்பவர் இறந்தவுடன் குழுக் கடனைக் கட்ட முடியாமல் வீட்டைவிட்டு ஓடிய குடும்பங்கள் உண்டு. மே மாத இறுதியில் பிரீமியம் பிடிக்கப்படும். அப்போது கணக்கில் பணம் இருக்கட்டும். வாரிசுதாரர் பெயரை நிரப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

9. தடங்கல் வந்தால்

விண்ணப்பம் கொடுத்த தேதியையும், வாங்கியவரின் பதவியையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவைப்பது முதல் வேலை. "நாளை வா" என்று வாய்மொழியாகச் சொன்னால், மறுப்பை எழுத்தில் தரும்படி கேளுங்கள். அதைக் கேட்டதுமே பாதிக் காரியம் நடந்துவிடும். அதற்கும் அசையவில்லை என்றால் வட்டார இயக்க மேலாளரிடமும், பிறகு மாவட்ட மகளிர் திட்டத் திட்ட இயக்குநரிடமும் மனு கொடுக்கலாம். திங்கட்கிழமைகளில் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கும் மனுவுக்கு எண் தருவார்கள். அந்தச் சீட்டைத் தொலைக்காதீர்கள். தனியாகப் போகாமல் நான்கைந்து உறுப்பினர்கள் சேர்ந்து, புத்தகங்களோடு போங்கள்.

வங்கி மீதான புகார் என்றால், முதலில் அந்த வங்கிக்கே எழுத்தில் கொடுக்க வேண்டும். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விளக்கம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. முதலில் வங்கிக்கே எழுத்தில் கொடுத்தீர்கள் என்பதைக் காட்ட வேண்டியிருக்கும் என்பதால், கடிதம் கொடுக்கும் அன்றே நகலில் முத்திரை வாங்கிக் குழுவின் கோப்பில் வையுங்கள்.